குளிரில் மூச்சு வாங்கிய ப்ராசஸர்

பசிலியா சர்க்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் மலைமேல் இருக்கிற எங்கள் எல் ஆல்ட்டோவில் கிடையாது. படித்தவர்கள் எழுதலாம், அழகாகவும் எழுதுவார்கள். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் அவள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தது மட்டுமா, அவள் பாடுபட்டதே என் கடை மேசையின் மேல்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் செனோபியோ திக்கோனா. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். அதில் பாதி நாள் வாத்தியாரின் லாமாக்களை மேய்த்தேன். பிறகு சந்தையில் கைவண்டி தள்ளினேன். பழைய ரேடியோ விற்றேன். கெட்டுப்போன டி.வி.க்களைத் திறந்து திறந்து பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். இன்று ஜூலைச் சந்தைத் தெருவில், கடைகள் வரிசையாக அடைந்த, தகரக் கூரை போட்ட கேலரியில், என் பெயரில் இரண்டு கடைகள். கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கிய மருமகன்கள் இரண்டு பேரும் என்னிடம்தான் வேலை பார்க்கிறார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

பசிலியாவும் என்னைப் போலத்தான், தானாக வளர்ந்தவள். ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து வந்து ஒரு போட்டோ ஸ்டூடியோவில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். விழாக்களுக்குப் போகும்போது விளக்குப் பிடிக்க அவளையும் கூட்டிப்போவார்கள். ஒரு விழாவில் காமிராக்காரன் நன்றாகக் குடித்துவிட்டு ஊர்வலத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான். இவள் விளக்கைக் கீழே வைத்தாள். அவன் தோளிலிருந்த காமிராவை எடுத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆடுகிறவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே மீதி ஊர்வலம் முழுவதையும் படம் பிடித்தாள். அன்றிலிருந்து அவள் காமிராக்காரி.

அவள் படங்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், அவள் எதையும் வெட்ட மாட்டாள். மற்றவர்கள் பாட்டுப் போட்டு, மெதுவாக ஓட்டி, முழு நாள் விழாவை அரை மணி நேரமாகச் சுருக்கிக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் அது எடுபடாது. மொரெனாதா ஆட்டத்துக்கு ஒருத்தி புதுப் பாவாடை, புதுச் சால்வை, தொப்பி, நகை என்று ஒரு வருஷச் சேமிப்பைச் செலவு செய்கிறாள். படத்தில் அவள் முகம் இல்லை என்றால் அப்புறம் தெருவில் பார்த்தாலும் உங்களிடம் பேச மாட்டாள். அவள் செத்தாலும் அவள் மகள் பேச மாட்டாள். அதனால் பசிலியாவின் படம் காலையில் தொடங்கினால் சாயங்காலம்தான் முடியும். வாத்தியக்காரன் எச்சில் துப்பியதுகூட அதில் இருக்கும்.

இங்கேதான் சிக்கல். இறைச்சி வியாபாரிகளின் ஆட்டக் குழு அவளுடைய பெரிய வாடிக்கை. அவர்கள் விழாவில் சனிக்கிழமை ஊர்வலம், ஞாயிற்றுக்கிழமை பூசை. திங்கட்கிழமை மதியம் இந்த வருஷம் விழா எடுத்த தம்பதி, அதாவது பிரெஸ்தே, அடுத்த வருஷத்து பிரெஸ்தேக்குப் பொறுப்பைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை, மண்டபத்துச் சுவரில் சனிக்கிழமை ஊர்வலம் முழுப் படமாக ஓட வேண்டும். எல்லாரும் பீர் குடித்துக்கொண்டே தங்களைத் தாங்களே பார்ப்பார்கள். படம் எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த துண்டுகளை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகக் கோத்துத் தர வேண்டும். ரெண்டர் என்பார்கள். போன வருஷம் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் நேரத்துக்குக் கோத்து முடிக்கவில்லை. சுவரில் வெறும் வெள்ளைத் துணிதான் தொங்கியது. ஜனங்கள் துணியைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள்.

குழுத் தலைவர் அவளிடம் சுருக்கமாகத்தான் சொன்னார். இந்த வருஷமும் துணியைக் காட்டினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று. இறைச்சிக்காரர்கள் போனால் மற்றக் குழுக்களும் போகும். எங்கள் ஊரில் ஒரு கதவு சாத்தினால் தெருவே சாத்திக்கொள்ளும். அவள் கையில் இருந்த சேமிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் மாற்றி வாங்க வழி இல்லை.

ஒரு வியாழக்கிழமை, சந்தை கூடும் நாளில், பழைய கம்ப்யூட்டரை அவாயோத் துணியில் பிள்ளையைப் போல முதுகில் கட்டிக்கொண்டு வந்து என் மேசைமேல் இறக்கினாள்.

"தோன் செனோபியோ, இதோட ஆயுசு முடிஞ்சிருச்சு. இதுக்குப் பதிலா எதை வாங்கட்டும்?"

"உக்காரு கசேரா. என்ன வேலைக்கு வேணும்?" வாடிக்கைக்காரியை நாங்கள் கசேரா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன வேலைக்கா? உங்க ரெண்டு பொண்ணு கல்யாணத்தையும் எடுத்தவ நான். நீங்க அழுததை நெருக்கத்துல எடுத்து வச்சிருக்கேன். என்ன வேலைன்னு கேக்குறீங்க."

நான் மூன்று ப்ராசஸர்களை எடுத்து வைத்தேன். ஒன்று ஆரஞ்சுப் பெட்டியில் வந்தது. ஒன்று நீலப் பெட்டி. மூன்றாவதுக்குப் பெட்டியே இல்லை. ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட சின்ன கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கியது. பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கிடந்தது. மூன்றும் விலை குறைந்த வகைதான். ஆனால் குறைந்ததிலும் மேல், நடு, கீழ் உண்டே.

எதிர்க்கடை வால்த்தெர் தலையை நீட்டினான். என் மூத்த மகனுக்கு ஞானத்தந்தை அவன், அதனால் எனக்குக் கொம்பாத்ரே. அந்த உரிமையில் என் வியாபாரம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பான்.

"ஆரஞ்சை எடு கசேரா. கோர் அதிகம்."

"கோர்னா என்ன?"

"சமையக்கட்டுல எத்தனை சமையல்காரிங்கன்னு வச்சுக்கயேன். இதுல அதிகம், நீலத்துல கொஞ்சம் கம்மி, அந்தக் குட்டில ரொம்பக் கம்மி."

"சமையல்காரி அதிகமானா சாப்பாடு சீக்கிரம் வருமா, சண்டை சீக்கிரம் வருமா?"

வால்த்தெர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அவள் விடவில்லை. கிகா என்றால் என்ன, பெட்டியில் எழுதிய வேகம் எப்போதும் இருக்குமா, சில நேரம்தானா, உள்ளே இருக்கிற நினைவு எதற்கு என்று என்னைத் துளைத்தெடுத்தாள். போனை நீட்டி ஒருத்தன் பேசுகிற வீடியோவைக் காட்டினாள். ஆரஞ்சுதான் ராஜா, குட்டியெல்லாம் கழுதை என்று அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"பேச்சைக் கேட்டா கடலோரத்து ஆளு மாதிரி இருக்கான்," என்றாள். "சட்டை கூட ஒழுங்காப் போடல."

"எந்த ஊரா இருந்தா என்ன? ப்ராசஸர் ஒண்ணுதானே."

அப்படித்தான் நான் சொன்னேன். இந்தத் தொழிலில் என்னைவிட விவரம் தெரிந்தவன் இந்த கேலரியில் இல்லை. அப்படிப்பட்ட நானே சொன்னேன் என்றால், அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மற்றக் கடைகளில் எல்லாம் ஒரு சோதனை புரோகிராமை ஓட்டிக் காட்டுவார்கள். ஒரு கோப்பை சோளக் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் ஒரு நம்பர் வரும். நம்பர் பெரிதாக இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம். அவள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. போன வருஷத்து ஊர்வலத்தை டிஸ்க்கில் கொண்டுவந்திருந்தாள்.

"என் படத்தை ஓட்டுங்க. முழுசா. மூணுலயும்."

"பொழுது போயிருமே கசேரா."

"போகட்டும். கழுதை வாங்குறவன் பல்லைப் புடிச்சுப் பாக்குறான். மூட்டை ஏத்திப் பாத்தா என்ன தப்பு?"

வேறு எந்தக் கடைக்காரனும் விட்டிருக்க மாட்டான். நான் விட்டேன். அதற்கு மனசு வேண்டும். மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

சந்தை இல்லாத ஒரு நாளில் மூன்று ப்ராசஸரையும் மூன்று கம்ப்யூட்டர்களில் மாட்டி, வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் தட்டிவிட்டோம். ஆரஞ்சு பறந்தது. நீலம் அதன் பின்னால் ஓடியது. குட்டி மட்டும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிழவியைப் போல மெதுவாக நகர்ந்தது. வால்த்தெர் நொடிக்கு ஒருதரம் வந்து பார்த்து, "சொன்னேனா இல்லையா" என்று போனான். கேலரியில் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். குட்டியின் மேல் கட்ட ஆளே இல்லை.

பசிலியா உலர்ந்த இறைச்சி, வெண்ணெய்க் கட்டி, அவித்த சோளம், கறுத்த சுனோக் கிழங்கு என்று கொண்டுவந்து துணியில் விரித்தாள். சாப்பிட்டோம். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் ஆரஞ்சு தளர்ந்திருந்தது. பாதி வரை பறந்தது, பாதிக்கு மேல் நொண்டியது. கொஞ்ச நேரம் நொண்டும், திடீரென்று பாயும், மறுபடி நொண்டும். நீலமும் சோர்ந்துபோனது. குட்டியோ காலையில் எப்படிப் போனதோ அப்படியே போய்க்கொண்டிருந்தது. கடை மூடுகிற நேரத்துக்குக் குட்டிதான் முதலில் முடித்தது. அடுத்தது நீலம். ஆரஞ்சு இன்னும் திணறிக்கொண்டிருந்தது.

வால்த்தெர் என்னைப் பார்த்தான். "கொம்பாத்ரே, நீங்க விக்கிற சரக்கு சொத்தை."

எனக்குச் சுருக்கென்றது. வேறு ஒரு ஆரஞ்சுப் பெட்டியை அவன் கண் முன்னாலேயே பிரித்து மாட்டினேன். மறுநாள் அதே கதை. பிறகு கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். விசிறிக்குள் வண்ணக் காகிதப் பொடி. கார்னிவல் செவ்வாயன்று கடையில் இருக்கிற எல்லாப் பொருளுக்கும் மது தெளித்து, காகிதப் பொடி தூவி வாழ்த்துவோம் இல்லையா, அந்தப் பொடிதான். எல்லாரும் "அதான் விஷயம்" என்றார்கள். துளித் துளியாகப் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்து ஓட்டினோம். அப்பவும் ஆரஞ்சு நொண்டியது.

சூடுதான் காரணம் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தொட்டால் கை சுட்டது. ப்ராசஸர் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை, அனுபவம். அதனால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய், பனிமலையைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். எங்கள் ஊர்க் குளிர் தெரியுமே. வாளித் தண்ணீர் விடிவதற்குள் கட்டியாகிவிடும். குளிரைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஊர் இது. இங்கே வருகிறவனிடம் பெரிய விசிறி ஒன்று சேர்த்து வாங்கு என்று சொன்னால் முகத்துக்கு நேராகச் சிரிப்பான்.

ஜன்னல் காற்றில் எங்கள் மூக்குச் சிவந்தது. ஆரஞ்சு கொஞ்சம் தேறியது, கொஞ்சம்தான். மதியத்துக்கு மேல் மறுபடியும் நொண்டல்.

"சரி விடு கசேரா," என்றேன். "குட்டியே ஜெயிச்சுது. அதை எடுத்துட்டுப் போ."

"ஏன் ஜெயிச்சுதுன்னு தெரியாம எப்படி எடுத்துட்டுப் போறது? இந்த வருஷம் ஆட்டக்காரங்க இன்னும் அதிகம். படம் இன்னும் நீளம். பாதியில அதுவும் படுத்துட்டா நான் மறுபடி துணியைக் காட்டணுமா?"

"படுக்காது."

"ஆரஞ்சு படுக்கும்னு முன்னாடியே சொன்னீங்களா?"

நான் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் கிரிசோஸ்தமோ அவளைக் கூட்டிப்போக வந்தான். கீழே யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு வேன் ஓட்டுகிறவன். நல்ல மனிதன், ஆனால் வேனைத் தவிர உலகத்தில் வேறு விஷயம் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஜன்னலில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து என்ன என்று கேட்டான். சொன்னோம்.

"இதுக்கா மண்டையை உடைச்சுக்கறீங்க? என் வண்டிக்கும் இதே சீக்குதானே," என்றான். "கணவாய் ஏறும்போது வெளியில ஆலங்கட்டி விழும். உள்ள ரேடியேட்டர் கொதிக்கும், ஊசி சிவப்புக்குப் போயிரும். கீழ கொரொய்கோல வெயில் மண்டையைப் பொளக்கும், ஊசி அசையாது."

பசிலியா சால்வையைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஏன்?"

"ஏன்னா? மேல காத்து ஏது? விசிறி சுத்தும். சுத்தி என்ன பண்ண, வீசறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே."

"குளிரடிக்குதே."

"குளிரு இருக்கு. காத்து இல்ல. நம்ம ஊர்ல இருக்கற லா பாஸ் ஏர்போர்ட்டுல வந்து இறங்குறவன் ஏன் மயங்கி விழறான், குளிர்லயா?"

நான் என் கையை அந்தச் சின்ன விசிறியின் முன்னால் வைத்துப் பார்த்தேன். காற்று வரத்தான் செய்தது. ஆனால் அது போதுமான காற்றா, குறைந்த காற்றா என்று கைக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து இந்தக் காற்றைத்தான் தெரியும்.

அவள் அவாயோவை மேசைமேல் விரித்து, ஆரஞ்சு இருந்த கம்ப்யூட்டரை அதன் நடுவில் வைத்தாள்.

"என் சரக்கை எங்க கொண்டு போற?"

"கொரொய்கோவுக்கு. என் தங்கச்சி வீடு இருக்கு. அங்க ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்."

"நல்லா இருக்கே. வாங்காத பொருளை மலை இறக்கிக் கொண்டுபோவியா?"

"என் புருஷன் வேன்ல போகும். உங்களுக்குச் செலவு இல்ல."

நான் பெரிய மனசுக்காரன். அடமானம் எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். அவளும் சரி என்று கிளம்பினாள். பிறகு யோசித்து, காமிராவை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மறுநாள் மாலை போன் அடித்தது. பின்னால் கோழி கத்துகிற சத்தம்.

"தோன் செனோபியோ, எனக்கு வேர்த்துக் கொட்டுது. இதுக்கு வேர்க்கல."

"முடிச்சிருச்சா?"

"மூணு மணிக்கே முடிச்சிருச்சு. ஒரு இடத்துலகூட நொண்டல. நான் பாவாடையை நனைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், இது பாட்டுக்கு ஓடுது."

அவள் ஒரு கூடை மாண்டரின் பழத்தோடு திரும்பி வந்தாள். நான் கேலரி முழுக்கச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா, என் மேசையில் தொடங்கிய சோதனை. வெயில் அடிக்கிற ஊரில் குளிர்ந்திருக்கிறது, பனி விழுகிற ஊரில் கொதிக்கிறது. முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் வால்த்தெர் பழத்தை உரித்தபடி சொன்னான்:

"அப்போ கம்ப்யூட்டருக்கும் மலைமயக்கமா? மலை ஏறி வர்றவனுக்குக் குடுக்கற மாதிரி வாயில ரெண்டு கோக்கா இலையைத் திணிங்க கொம்பாத்ரே, சரியாயிரும்."

அன்றிலிருந்து எங்கள் கேலரியில் கம்ப்யூட்டர் மெதுவானால் "மயக்கம் வந்திருச்சு" என்றுதான் சொல்கிறார்கள். எங்கே தொடங்கியது என்று இப்போது தெரிந்ததல்லவா?

இனி தேர்ந்தெடுப்பது சுலபம் என்று நினைத்தேன். ஆரஞ்சுக்குப் பெரிய விசிறி போட்டால் இங்கேயும் பறக்கும். ஆனால் அந்த விசிறி இக்கிக்கே துறைமுகத்திலிருந்து வர வேண்டும். சுங்கத்தில் மாட்டினால் விழா முடிந்த பிறகுதான் வரும். பசிலியா மூன்றையும் எதிரில் வைத்துக்கொண்டு, மாண்டரின் சுளையை மென்றபடி வெகுநேரம் பார்த்தாள்.

"பெட்டியில போட்டிருக்கற வேகம் பொய்யில்ல," என்றாள். "ஆனா அது அந்தக் கடலோரத்து ஆளோட வீட்டு வேகம். என் வீட்டு வேகம் இல்ல. இந்தக் குட்டி கொஞ்சமாத்தான் சூடாகுது, அதனால கொஞ்சமாத்தான் காத்து கேக்குது. அவ்வளவு காத்து இங்க இருக்கு."

குட்டியை வாங்கினாள். கொசுறு என்ன என்று கேட்டாள். கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு விசிறி கேட்டவளுக்கு நான் இரண்டு கொடுத்தேன். இரண்டாவது கொஞ்சம் சத்தம் போடும்.

விழா வந்தது. சனிக்கிழமை ஊர்வலம் போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு நீண்டது. வாத்தியக் குழு ஒன்று கூடுதலாக வந்துவிட்டது. பசிலியா காலை முதல் நடுராத்திரி வரை பின்னோக்கியே நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுவிட்டுப் பூசையைப் படம் எடுக்கப் போய்விட்டாள். நான் சும்மா அந்தப் பக்கம் போவதுபோல மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். என் சரக்கு, என் பெயர். அவளும் அப்போதுதான் வந்து வாசலில் காமிராவை இறக்கிக்கொண்டிருந்தாள். சேர்ந்து உள்ளே போனோம்.

கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் ஒரு கம்பளி மூட்டை இருந்தது. நல்ல கனத்த லாமாக் கம்பளி. சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் கிரிசோஸ்தமோ சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"இது என்ன?" என்றாள் பசிலியா. குரல் சின்னதாக இருந்தது.

"பனி கொட்டுச்சே. காலையில வண்டி இன்ஜினுக்குப் போத்தினேன். இதுவும் பாவம்னு இதுக்கும் போத்தினேன்."

"நீதானய்யா காத்து வேணும்னு சொன்ன."

அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "ஆமா. ஓடும்போது காத்து வேணும். இது சும்மாதானே நிக்குது."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டி என்றால் ஓடும்போது ஓட்டம் தெரியும். இது மேசைமேல் நின்றபடியே ஓடுகிறது. அவனுக்கு எப்படித் தெரியும்? நான் கயிற்றை அறுத்தேன். உள்ளிருந்து ரொட்டி அடுப்பு போல அனல் அடித்தது. குட்டிகூட நொண்டிக்கொண்டிருந்தது. கால்வாசியைத் தாண்டியிருக்க வேண்டிய நேரத்தில் தொடக்கத்திலேயே நின்றது. நிறுத்தி மறுபடி தொடங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"நிறுத்தினா மொதல்ல இருந்து. இப்படியே போகட்டும்."

மேசைக்கு எதிரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கிரிசோஸ்தமோ அட்டை ஒன்றை எடுத்து விசிற வந்தான். அவள் பார்த்த பார்வையில் அட்டையோடு வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் குட்டி தன் பழைய நடைக்குத் திரும்பியது. ஆனால் இழந்த நேரம் இழந்ததுதான். திங்கட்கிழமைக்குள் முடியுமா என்று அவள் என்னைக் கேட்டாள். முடியும் என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்னால் அவள் கொஞ்சம் நம்புவாள் என்று தெரியும்.

திங்கட்கிழமை மண்டபத்தில் துணி கட்டியாகிவிட்டது. இறைச்சிக்காரர்கள் புது உடுப்போடு வந்து உட்கார்ந்தார்கள். பன்றிக்கறி சூப் பரிமாறினார்கள். சூப் முடிந்தது. பீர் பெட்டிகள் சுற்றி வந்தன. குழுத் தலைவர் துணியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கம்ப்யூட்டரை விற்றவன் நான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். வேறு யார், வால்த்தெர்தான். நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தேன். வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து, வேறு வழியில்லாமல் அதே பாட்டை மறுபடி தொடங்கினார்கள்.

வாசலில் வேன் ஹாரன் கேட்டது. பசிலியா டிஸ்க்கைச் சால்வைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் கழுவவில்லை. தொப்பி கோணலாக இருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் செருகினாள். துணியில் முதலில் தெரு தெரிந்தது, பிறகு கொடி, பிறகு பிரெஸ்தே தம்பதி. மண்டபம் எழுந்து நின்று கத்தியது. அதன் பிறகு ஜனங்கள் எப்போதும் செய்வதையே செய்தார்கள்.

"பாரு, என் சால்வை நழுவுது, ஒருத்தியாவது சொன்னீங்களா."

"உன்னை யாரு பாத்தா? எல்லாரும் உன் புருஷன் தடுமாறுறதைத்தான் பாத்தோம்."

"அந்த இடத்தை வெட்டச் சொல்லுங்கப்பா," என்று அந்தப் புருஷன் கெஞ்சினான். வெட்ட மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

தலைவர் என் பக்கம் ஒரு பீர் பாட்டிலை நகர்த்தினார். நான் அதை உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் காக்கவைத்தேன்.

பசிலியாவைத் தேடினேன். சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாத்தியச் சத்தம், கூச்சல், அவள் எடுத்த படத்தின் சத்தம், எதுவும் அவளை எழுப்பவில்லை. யாரோ ஒருத்தி தன் சால்வையை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அடுத்த வருஷத்துப் பிரெஸ்தே உட்கார்ந்திருந்தார். காளையைத் தனியாளாகத் தூக்குகிற கனத்த மனிதர். காலடியில் ஒரு பெட்டி பீர். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்," என்றார். "அடுத்த வருஷத்துக்குப் பேசணும். முழிக்கட்டும்."

துணியில் ஊர்வலம் இன்னும் சந்தைத் தெருவைக்கூடத் தாண்டவில்லை. அவர் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.